ஆல்பமும் மேடையும்: இசை ரசிகர்கள் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

இசைத்தட்டுகளையும் நேரடி நிகழ்ச்சிகளையும் பல ஆண்டுகளாகச் சம ஆர்வத்துடன் பின்தொடர்ந்து வருபவன் நான். நண்பர்களும், புதிதாக இசை கேட்கத் தொடங்கியவர்களும் என்னிடம் திரும்பத் திரும்பக் கேட்ட கேள்விகளை இங்கே தொகுத்திருக்கிறேன். அவற்றில் பெரும்பாலானவற்றின் அடியில் இருப்பது ஒரே ஐயம்தான்: விரும்பிய பாடலை விரும்பிய நொடியில் கேட்க முடிகிற காலத்தில், நாற்பது நிமிட ஆல்பத்துக்காகவும் இரண்டு மணி நேர நிகழ்ச்சிக்காகவும் ஒருவர் ஏன் தம் நேரத்தை மொத்தமாக ஒப்படைக்க வேண்டும்? ஒப்படைக்கத்தான் வேண்டும் என்பது என் உறுதியான கருத்து. காரணங்களை ஒவ்வொரு கேள்விக்கும் உரிய இடத்தில் சொல்கிறேன்.

ஆல்பம் என்ற வடிவம் எப்படித் தோன்றியது?

நிமிடத்துக்கு 78 முறை சுழன்ற பழைய இசைத்தட்டின் ஒரு பக்கத்தில் மூன்று முதல் ஐந்து நிமிட இசைதான் அடங்கியது. ஒரு சிம்பொனியைப் பதிவு செய்தால் அது பல தட்டுகளாகப் பிரிந்துவிடும். அத்தட்டுகளைத் தனித்தனி உறைகளில் இட்டு, புகைப்பட ஆல்பத்தைப் போல ஒன்றாகக் கட்டி விற்றார்கள். அந்தக் கட்டுக்குத்தான் முதலில் ஆல்பம் என்று பெயர். 1948-இல் கொலம்பியா நிறுவனம் நிமிடத்துக்கு 33⅓ முறை சுழலும் எல்பி தட்டை வெளியிட்டபோது, 12 அங்குலத் தட்டின் ஒரு பக்கத்திலேயே ஏறத்தாழ 22 நிமிடம் இடம் கிடைத்தது. கட்டு மறைந்தது, பெயர் தங்கிவிட்டது.

ஒரு பொருளின் கொள்ளளவாகத் தொடங்கிய இந்த எல்லையைக் கலைஞர்கள் ஒரு கலை வடிவமாகவே மாற்றிக்கொண்டார்கள் என்பது எனக்கு இன்றும் வியப்பளிக்கிறது. பக்கத்துக்கு இருபது நிமிடம், நடுவே எழுந்து தட்டைத் திருப்ப ஓர் இடைவெளி, மீண்டும் இருபது நிமிடம் என்ற அமைப்பு இரண்டு அங்க நாடகத்தைப் போன்றது. முதல் பக்கத்தின் இறுதிப் பாடல் ஒரு திரையை இறக்குகிறது. இரண்டாம் பக்கத்தின் முதல் பாடல் புதிதாக ஒரு கதவைத் திறக்கிறது. 1982-இல் வந்த குறுந்தட்டில் 74 நிமிடம் வரை இடைவெளியின்றிப் பதியலாம் என்றான பிறகு அந்த நடுத்திரை போய்விட்டது. இடம் இருக்கிறது என்பதற்காகவே நீட்டப்பட்ட ஆல்பங்கள் அதன்பின் நிறைய வந்தன. நாற்பது நிமிடத்தில் நின்றிருந்தால் மறக்க முடியாததாக இருந்திருக்கக்கூடிய சில தொகுப்புகள் எழுபது நிமிடத்தில் களைத்துப்போனதை நான் கேட்டிருக்கிறேன்.

பாடல்களின் வரிசை உண்மையிலேயே அவ்வளவு முக்கியமா?

ஆம். ஆல்பத்தைப் பாடல் குவியலிலிருந்து பிரித்துக்காட்டுவதே வரிசைதான். ஒரு பாடல் முடிந்த பிறகு அதன் சுருதியும் வேகமும் சில நொடிகள் காதில் நிற்கின்றன. அடுத்த பாடல் அந்த நினைவின் மீதுதான் தொடங்குகிறது. ஒரே மெதுவான பாடல், ஆரவாரமான பாடலுக்குப் பின் வந்தால் ஆறுதலாகவும், இன்னொரு மெதுவான பாடலுக்குப் பின் வந்தால் சோர்வாகவும் ஒலிக்கக் காரணம் இதுவே. வெளியீட்டுக்கு முன் ஒலியை இறுதியாகச் செப்பனிடும் மாஸ்டரிங் ஒலிப்பொறியாளர்கள் இரண்டு பாடல்களுக்கு நடுவே விட வேண்டிய மௌனத்தைக்கூட நொடியின் பகுதிகளாகக் கணக்கிட்டு வைப்பார்கள். அந்த மௌனமும் இசையமைப்பின் ஒரு பகுதி என்றே நான் கருதுகிறேன்.

வரிசையை முடிவு செய்ததில் தட்டின் இயற்பியலுக்கும் பங்கு உண்டு. எல்பி தட்டு ஒரே வேகத்தில் சுழன்றாலும், வெளி விளிம்பில் ஊசி ஒரு சுற்றில் கடக்கும் பள்ளத்தின் நீளம் அதிகம். மையத்தை நெருங்க நெருங்க அந்த நீளம் பாதிக்கும் கீழே குறைந்துவிடுகிறது. அதே ஒலியைக் குறைந்த நீளத்தில் நெருக்கி எழுத வேண்டியிருப்பதால், உள் பள்ளங்களில் உயர் அதிர்வெண்கள் மங்கிச் சிதைவு கூடுகிறது. எனவே தாளமும் முழக்கமும் மிகுந்த பாடல்களைப் பக்கத்தின் தொடக்கத்திலும், அமைதியான பாடல்களை முடிவிலும் வைக்கும் வழக்கம் பரவியது. மென்மையான பாடலோடு ஒரு பக்கம் ஓய்ந்து அடங்குவதை அழகியல் தேர்வாக மட்டுமே நினைத்திருந்த எனக்கு, இந்தக் காரணத்தை அறிந்தபோது அந்த வடிவத்தின் மீது மதிப்பு கூடத்தான் செய்தது. தடையை அழகாக மாற்றிய கைத்திறன் அதில் தெரிகிறது.

ஸ்ட்ரீமிங் வந்த பிறகு ஆல்பம் அழிந்துவிட்டதா?

அழியவில்லை. ஆனால் அதன் மீதான அழுத்தம் உண்மையானது. ஸ்பாட்டிஃபை போன்ற சேவையில் ஒரு பாடல் 30 நொடி ஓடினால் அது ஒரு முறை கேட்கப்பட்டதாகக் கணக்கில் சேர்கிறது. மெதுவாக மலரும் ஒரு முன்னிசைக்கு இந்தக் கணக்கு பகையானது, ஏனெனில் முப்பதாவது நொடிக்கு முன்பே கேட்பவரின் விரல் அடுத்த பாடலுக்குத் தாவிவிடலாம். ஆல்பத்தின் நடுவில் அமைதியாக நின்று மற்ற பாடல்களைத் தாங்கும் பாடல் எந்தப் பிளேலிஸ்ட்டிலும் இடம்பெறுவதில்லை.

இதை எதிர்த்துப் பேசிய கலைஞர்களும் இருக்கிறார்கள். 2021 நவம்பரில் பாடகி அடேல் தம் புதிய ஆல்பத்தை வெளியிட்டபோது, வரிசை சிந்தித்தே அமைக்கப்படுகிறது, அதன்படியே கேட்க வேண்டும் என்று வேண்டுகோள் வைத்தார். அதன்பின் ஸ்பாட்டிஃபை, ஆல்பம் பக்கத்தில் பாடல்களைக் கலைத்துப்போடும் ஷஃபிள் பொத்தானை இயல்புநிலையிலிருந்து நீக்கியது. கேட்பவர்களும் தம் விருப்பத்தைக் காட்டியிருக்கிறார்கள்: அமெரிக்காவில் 2022-இல் எல்பி போன்ற வினைல் தட்டுகள் சுமார் 4.1 கோடியும் குறுந்தட்டுகள் 3.3 கோடியும் விற்பனையாயின. எண்ணிக்கையில் வினைல் முந்தியது 1987-க்குப் பிறகு அதுவே முதல் முறை. கேட்பதற்குக் குறைந்த வசதி தரும் ஒரு பொருளை மக்கள் தேடிச்சென்று வாங்குகிறார்கள் என்றால், அந்த வசதிக்குறைவில் அவர்களுக்கு ஏதோ கிடைக்கிறது. பாதியில் தாவ முடியாத ஓர் இசையின் முன் அமர்வதுதான் அது என்று நான் நம்புகிறேன்.

நேரடி நிகழ்ச்சியில் கிடைப்பது என்ன? வீட்டில் ஒலி இன்னும் தெளிவாக இருக்குமே?

தெளிவு வீட்டில்தான் அதிகம். இதை ஒப்புக்கொள்வதில் தயக்கம் தேவையில்லை. அரங்கில் கிடைப்பவை வேறு. முதலாவது, உடலால் கேட்பது. பாஸ் கிட்டாரும் டிரம்ஸின் கிக்கும் எழுப்பும் தாழ்ந்த அதிர்வுகளைப் பெரிய ஒலிபெருக்கிகளின் முன் நெஞ்சுக்கூட்டிலேயே உணரலாம். ஹெட்ஃபோன் அதைத் தர இயலாது.

இரண்டாவது, ஆபத்து. பதிவு எப்போதும் ஒரே இடத்தில் ஒரே விதமாக முடியும் என்பது நமக்குத் தெரியும். மேடையில் பாடகர் அந்த உச்ச ஸ்வரத்தைத் தொடுவாரா என்பது தொடும் நொடி வரை யாருக்கும் தெரியாது. தெரியாத அந்த நொடியை மேடையில் இருப்பவரும் கீழே இருப்பவரும் சேர்ந்தே கடக்கிறார்கள். டிரம்மர் வேகத்தை ஒரு மயிரிழை கூட்டும்போது மற்றவர்கள் அவரைத் திரும்பிப் பார்த்துப் புன்னகைத்துக்கொள்வதை ஒருமுறை கண்டுவிட்டால், அதற்குப் பிறகு அந்தப் பாடலின் பதிவில்கூட அந்த இடத்தில் காது கூர்மையாகிவிடும்.

மூன்றாவது, மற்றவர்களின் கவனம். ஆயிரம் பேர் ஒரே நேரத்தில் மூச்சடக்கும் மௌனத்தை எந்த ஒலிப்பதிவுக் கருவியும் முழுமையாகப் பிடித்ததில்லை.

ஆல்பத்தில் உள்ளபடியே மேடையில் வாசிப்பதுதான் சிறந்ததா?

என் விடை இல்லை என்பதே. பதிவை அப்படியே மறுபடி எழுப்புவதில் திறமை உண்டு. ஆனால் அதுவே குறிக்கோளானால், பதிவில் இருந்த இசைக்கருவிகள் அனைத்தையும் முன்பதிவு செய்து பின்னணியில் ஓடவிட வேண்டிவருகிறது. அந்த ஓட்டத்துக்குக் கலைஞர்கள் கட்டுப்பட்டால் வேகத்தையோ நீளத்தையோ மாற்ற முடியாது. அப்போது மேடைக்கே உரிய சுதந்திரம் போய்விடுகிறது.

மறுபுறம், மாற்றம் ரசிகர்களைக் காயப்படுத்தவும் கூடும். 1966 மே 17 அன்று மான்செஸ்டரில் அமெரிக்கப் பாடகர் பாப் டிலன் மின்கிட்டாருடன் வாசித்தபோது, நாட்டுப்புற பாணியையே எதிர்பார்த்து வந்திருந்த கூட்டத்திலிருந்து ஒருவர் அவரை “யூதாஸ்” (துரோகி என்ற பொருளில்) என்று கூவினார். அந்த நிகழ்ச்சியின் பதிவு, லண்டனின் ராயல் ஆல்பர்ட் ஹாலில் எடுக்கப்பட்டது என்ற தவறான பெயருடன் திருட்டுப் பதிவாகப் பல ஆண்டுகள் கைமாறி, 1998-இல்தான் அதிகாரபூர்வமாக வெளியானது. அன்று கூவியவரின் கோபத்தை நான் எளிதில் ஒதுக்கமாட்டேன். ஓர் ஆல்பத்தோடு நீண்ட நாள் வாழ்ந்தவருக்குத்தான் அப்படிக் கோபம் வரும். ஆனாலும் அந்தப் பதிவைக் கேட்கும்போது, கலைஞர் முன்னோக்கி நகர்ந்தது சரி என்பதில் எனக்கு ஐயமே எழுவதில்லை.

மேடையில் வாசிக்கவே முடியாத இசை குறைவான இசையா?

அப்படி நினைப்பது தவறு. 1965-இல் நியூயார்க்கின் ஷே அரங்கில் 55,000-க்கும் மேற்பட்டோர் முன் வாசித்த பீட்டில்ஸ் குழுவினருக்கு, கூட்டத்தின் கூச்சலில் தாங்கள் வாசிப்பதே சரியாகக் கேட்கவில்லை. 1966 ஆகஸ்ட் 29 அன்று சான் பிரான்சிஸ்கோவில் நடந்ததே அவர்களது கடைசிச் சுற்றுப்பயண நிகழ்ச்சி. அதன்பின் ஸ்டுடியோவையே ஓர் இசைக்கருவியாக்கி, மேடையில் எழுப்ப இயலாத ஒலிகளை 1967-இல் ஆல்பமாகக் கொடுத்தார்கள்.

பியானோக் கலைஞர் கிளென் கூல்ட் 1964-இல், 31 வயதிலேயே, பொது மேடையை முழுவதுமாக விட்டு விலகினார். இசையமைப்பாளர் பாக்கின் கோல்ட்பெர்க் வேரியேஷன்ஸ் என்ற படைப்பை அவர் 1955-இலும் 1981-இலும் ஸ்டுடியோவில் பதிவு செய்திருக்கிறார். முதலாவது 39 நிமிடத்துக்குள் முடிகிறது, இரண்டாவது 51 நிமிடத்தைத் தாண்டுகிறது. ஒரே படைப்பு, ஒரே மனிதர், நடுவே கால் நூற்றாண்டு. இரண்டையும் அடுத்தடுத்த நாட்களில் கேட்டுப் பாருங்கள். மேடையே இல்லாமலும் ஒரு கலைஞரின் வாழ்க்கை இசையில் பதிவாக முடியும் என்பது விளங்கும்.

நேரடிப் பதிவு என்று வெளியாகும் ஆல்பங்களை நம்பலாமா?

கவனத்துடன் நம்பலாம். 1956 ஜூலையில் நியூபோர்ட் ஜாஸ் விழாவில் டியூக் எலிங்டன் குழு வாசித்தபோது, சாக்ஸஃபோன் கலைஞர் பால் கொன்சால்வெஸ் பாடலின் அடிப்படை அமைப்பை 27 சுற்றுகள் திரும்பத் திரும்ப எடுத்து ஒரே மூச்சாகத் தனியாவர்த்தனம் செய்ய, கூட்டம் எழுந்து ஆடியது. அந்த ஆண்டே வெளியான ஆல்பத்தின் பெரும்பகுதியோ, ஒலித்தரம் போதவில்லை என்று ஸ்டுடியோவில் மறுபடி வாசித்துக் கைத்தட்டல் சேர்க்கப்பட்டது. கொன்சால்வெஸ் அன்று வேறொரு நிறுவனம் வைத்திருந்த மைக்கின் முன் நின்று வாசித்ததும் ஒரு சிக்கல். அந்த இன்னொரு பதிவு பின்னர் கிடைத்து, 1999-இல் உண்மையான நிகழ்ச்சி முழுமையாக வெளியானது. பாடகர் ஜானி கேஷ் 1968 ஜனவரி 13 அன்று கலிஃபோர்னியாவின் ஃபோல்சம் சிறையில் கைதிகள் முன் பாடிய புகழ்பெற்ற பதிவிலும், கொலையைப் பற்றிய ஒரு வரிக்கு எழும் ஆரவாரம் பின்னர் சேர்க்கப்பட்டதே.

இவை என்னை வருத்தியதுண்டு. ஆரவாரத்தை ஒட்டவைப்பது கேட்பவரின் உணர்ச்சியை அவருக்குப் பதிலாக முடிவு செய்வதாகும். ஆனால் மேடையில் தவறிய ஒரு ஸ்வரத்தை, பின்னர் ஸ்டுடியோவில் அதன்மேல் பதியும் ஓவர்டப் மூலம் திருத்துவதைக் குற்றமாக நான் பார்ப்பதில்லை. அந்த இரவுக்கு வராத நாம் அதைப் பலமுறை கேட்கப்போகிறோம். கடந்துபோயிருக்க வேண்டிய பிழை ஒவ்வொரு முறையும் முள்ளாகக் குத்தும்.

திருத்தமே தேவைப்படாத இரவுகளும் உண்டு. 1975 ஜனவரி 24 அன்று ஜெர்மனியின் கொலோன் ஓபரா அரங்கில் பியானோக் கலைஞர் கீத் ஜாரெட்டுக்குக் கிடைத்தது அவர் கேட்ட பியானோ அன்று. ஒத்திகைக்கு வைத்திருந்த சிறிய, பழுதான ஒன்று. அதன் மேல்ஸ்தாயி மெலிந்து ஒலித்தது, பெடல்கள் சரிவர இயங்கவில்லை. முதலில் மறுத்தவரை, நிகழ்ச்சியை ஏற்பாடு செய்திருந்த பதின்வயதுப் பெண் வேண்டிச் சம்மதிக்கவைத்தார். ஜாரெட் நடுஸ்தாயியிலேயே தங்கி, இடக்கையில் திரும்பத் திரும்ப வரும் தாளக் கோலங்களை உருட்டி, ஒரு மணி நேரத்துக்கு மேல் அந்தக் கணத்திலேயே இசையைப் படைத்தார். மேடையும் ஆல்பமும் ஒன்றாகவே ஆகிவிட்ட இரவு அது. இந்தப் பக்கத்தை வாசிப்பவர் ஒரே ஒரு நேரடிப் பதிவைத்தான் கேட்பார் என்றால் அதையே நான் பரிந்துரைப்பேன்.

ஓர் ஆல்பம் முழுவதையும் வரிசையாக வாசிக்கும் நிகழ்ச்சிகள் நல்லவையா?

2005-இல் லண்டனில் தொடங்கிய ‘டோன்ட் லுக் பேக்’ என்ற நிகழ்ச்சித் தொடருக்குப் பிறகு இவ்வழக்கம் பரவலானது. இதில் ஓர் அடிப்படைச் சிக்கல் இருக்கிறது: ஆல்பங்களில் புகழ்பெற்ற பாடல் பெரும்பாலும் முன்பகுதியில் இருக்கும், நிகழ்ச்சிகளிலோ அதை இறுதிக்கு வைத்துக்கொள்வார்கள். வரிசை மாறாமல் வாசித்தால் உச்சம் முதல் கால்மணி நேரத்திலேயே கடந்துவிடும். ஆயினும் இந்நிகழ்ச்சிகளை நான் விரும்புகிறேன், ஏனெனில் பக்கத்தின் ஆறாவது பாடலுக்கு மேடை கிடைப்பது இங்கே மட்டும்தான்.

இதன் தலைகீழ் இன்னும் சுவையானது. பிங்க் ஃபிளாய்ட் குழுவினர் 1973 மார்ச்சில் வெளியிட்ட ‘தி டார்க் சைட் ஆஃப் தி மூன்’ ஆல்பத்தை 1972 தொடக்கத்திலிருந்தே மேடைகளில் முழுமையாக வாசித்து வந்தார்கள். ஒரு வருடத்துக்கும் மேலாகக் கூட்டத்தின் முன் தேய்த்துத் தேய்த்து மெருகேறிய பிறகே அது தட்டானது. ஒரு பாடலிலிருந்து அடுத்ததற்கு அது நழுவும் விதத்தில் அந்த உழைப்பு கேட்கிறது.

பெரிய அரங்கமா, சிறிய அரங்கமா?

தேர்வு என்னிடம் விடப்பட்டால் சிறியது. ஒலி நொடிக்குச் சுமார் 343 மீட்டர்தான் பயணம் செய்கிறது. மைதானத்தில் மேடையிலிருந்து 100 மீட்டர் தள்ளி நிற்பவருக்கு டிரம் ஒலி கால் நொடிக்கு மேல் தாமதமாக வரும்; திரையில் கை இறங்கிய பிறகே ஒலி கேட்கும். வழியில் கோபுரங்கள் அமைத்து, கணக்கிட்ட தாமதத்துடன் இயங்கும் ஒலிபெருக்கிகளை வைத்துப் பின்வரிசைக்கும் தெளிவைக் கொண்டுசேர்க்கிறார்கள், ஆனால் கண்ணுக்கும் காதுக்கும் நடுவே உள்ள இடைவெளி மறைவதில்லை. எங்கே போனாலும் ஒலிக்கலவைப் பொறியாளரின் மேசைக்கு அருகில் நில்லுங்கள். அவர் தம் காதுக்கு ஏற்பத்தான் ஒலியைச் சரிசெய்கிறார்.

காதடைப்பான் அணிந்தால் இசை கெட்டுவிடாதா?

கெடாது. 85 டெசிபல் ஒலியை எட்டு மணி நேரம் வரை தாங்கலாம் என்று கொள்ளும் பாதுகாப்பு அளவீட்டில், ஒவ்வொரு 3 டெசிபல் கூடும்போதும் நேரம் பாதியாகிறது. 100 டெசிபலில் அது 15 நிமிடம்தான். எல்லா அதிர்வெண்களையும் சமமாகக் குறைக்கும் இசைக் காதடைப்பான்கள் கிடைக்கின்றன. அணிந்துகொள்ளுங்கள். போன செவித்திறன் திரும்பாது.

நிகழ்ச்சியைக் கைபேசியில் பதிவு செய்வது தவறா?

பதிவு செய்யும் ஆசையை நான் குறை சொல்லமாட்டேன். கிரேட்ஃபுல் டெட் குழு 1984-இல் தம் நிகழ்ச்சிகளில் ஒலிப்பதிவு செய்யும் ரசிகர்களுக்கென்றே தனி இடம் ஒதுக்கியது. விற்பனைக்கு அன்றி, கைமாற்றிக் கேட்பதற்காக அவர்கள் எடுத்த பதிவுகளால்தான் அக்குழுவின் ஒவ்வோர் இரவும் வேறு வேறாக இருந்ததை இன்று நாம் அறிகிறோம். அந்த ரசிகர்கள் மைக்கை நிறுத்திவிட்டு அசையாமல் நின்று கேட்டார்கள். தலைக்கு மேல் உயர்த்திய திரையின் நிலை வேறு. அது பின்னால் நிற்பவரின் பார்வையை மறைக்கிறது. ஒரு பாடலைப் பதிந்துகொள்ளுங்கள், பிறகு கைபேசியைப் பையில் வைத்துவிடுங்கள்.

செல்வதற்கு முன் ஆல்பத்தைக் கேட்டுவிட்டுச் செல்ல வேண்டுமா? நிகழ்ச்சியின் பாடல் பட்டியலை (செட்லிஸ்ட்) முன்பே பார்க்கலாமா?

ஆல்பத்தைக் கேளுங்கள், மேடையில் மாறியது எது என்று தெரிய, மாறாத வடிவம் காதில் இருக்க வேண்டும். செட்லிஸ்ட்டைப் பார்க்காதீர்கள். அடுத்தது எந்தப் பாடல் என்று முதல் இரண்டு ஸ்வரங்களில் கண்டுகொள்ளும் மகிழ்ச்சி அதனால் பறிபோகும்.

ஆல்பத்தில் பிடிக்காத பாடலைத் தாண்டிச் செல்லலாமா?

முதல் சில முறைகளாவது தாண்டாதீர்கள் என்று கேட்டுக்கொள்வேன். எனக்கு மிகவும் நெருக்கமான ஓர் ஆல்பத்தில் நான்காவதாக, சொற்களே அற்ற, இரண்டு நிமிடத்துக்கும் குறைந்த ஒரு துண்டு இசை உண்டு. அதைப் பல ஆண்டுகள் தாண்டியே வந்தேன். பாடல் போதாமல் இட்டு நிரப்பியது என்றே எண்ணியிருந்தேன். பின்னர் அக்குழுவை ஒரு சிறிய அரங்கில் நேரில் கேட்க நேர்ந்தது. மூன்றாவது பாடல் முடிந்ததும் விளக்குகள் அணைந்தன. இருளில் அந்தத் துண்டு மட்டும் ஒலித்தது. பாடகி அந்த நேரத்தில் தண்ணீர் குடித்துவிட்டு, கண்களை மூடி, மைக்கிலிருந்து ஓரடி விலகி நின்றிருந்தார். ஐந்தாவது பாடலின் முதல் சொல் வந்தபோது, அச்சொல்லுக்கு அத்தனை இருளும் அத்தனை நேரமும் தேவைப்பட்டிருக்கிறது என்பதை உணர்ந்தேன். வீட்டுக்கு வந்து அன்றிரவே ஆல்பத்தை முதலிலிருந்து ஓடவிட்டேன். மூன்றாவது பாடல் முடியும் இடத்தில் பழக்கத்தால் நீண்ட கையை மடியில் வைத்துக்கொண்டு, அறை விளக்கை மட்டும் அணைத்தேன்.